மாட்டியவரே கழற்ற வேண்டும்

எங்கள் இணையதளத்தில் பங்களித்தவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வரிக்கு மிகாமல் எழுதித் தரச் சொன்னார்கள். எத்திராஜுக்காக நான் எழுதினேன்: ‘எத்திராஜ், ஒக்கலிபுரம், பெங்களூர். லிஃப்ட் மெக்கானிக். முப்பது உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதியவர்.’ அவ்வளவுதான், மூன்று வரி முடிந்துவிட்டது. ஒரு மனுஷனை மூன்று வரிக்குள் அடைக்கச் சொன்னவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1991இல் இருந்து தொடங்க வேண்டும். அப்போது எத்திராஜுக்கு முப்பத்து மூன்று வயது. மனைவி ஜெயலட்சுமியின் தம்பி சம்பங்கியைத் தன் கூடவே லிஃப்ட் வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆறு மாடிக் கட்டடம். சம்பங்கி லிஃப்ட் கூண்டின் மேலே உட்கார்ந்து கயிற்றுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கிறான். கிரீஸ் தீர்ந்துபோகிறது. எத்திராஜ் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் கம்பெனி கொடுத்த தகர போர்டை மாட்டிவிட்டு, கடைக்குப் போகிறார். சிவப்புத் தகரம், வெள்ளை எழுத்து, முழுக்க இங்கிலீஷ். மாட்டிய எத்திராஜுக்கே அதில் பாதி வார்த்தை படிக்க வராது.

அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன் திருப்பத்தூர் பக்கத்துப் பெரியவர். நாலாவது மாடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. படியில் இறங்க முடியவில்லை. அவளுடைய அம்மா கத்துகிறாள். பெரியவர் மூச்சிரைக்க மேலே ஓடி, போர்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் நகர்ந்தது. கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. எத்திராஜ் கிரீஸ் டப்பாவோடு திரும்பி வந்தபோது தெருவில் கூட்டம் நின்றது. சம்பங்கிக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு கம்பெனி போர்டை எத்திராஜ் கையால் தொடவில்லை. தானே அட்டை வெட்டி, தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் எழுதி வைத்துக்கொண்டார். கன்னடத்துக்குப் பக்கத்து வீட்டு டீச்சரையும் உருதுவுக்கு ஒரு வெல்டரையும் பிடித்தார். படிக்கவே தெரியாதவர்களுக்காக அடியில் ஓர் ஆளின் படத்தையும் வரைந்தார். இன்னொரு சட்டமும் போட்டார். போர்டை மாட்டியவரே கழற்ற வேண்டும். மேனேஜர் வந்தாலும் சரி, கட்டட முதலாளி வந்தாலும் சரி, மாட்டிய ஆள் நேரில் வந்து தன் கையால்தான் எடுக்க வேண்டும். இதற்காக இரண்டு முறை வேலை போயிருக்கிறது. மனுஷன் அசையவில்லை.

நான் அவரைப் பார்த்தது 2003இல். என் பெயர் பவுலின். ஃப்ரேஸர் டவுன், கோயில் தெருப் பக்கம். வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் கையேடு எழுதும் வேலை. அன்றைக்குக் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவின் மேல் ஓர் அட்டை தொங்கியது. நாலு வயது குழந்தை வரைந்தது போல ஒரு மனித உருவம். அதற்கு மேலே தமிழில்: ‘உள்ளே ஆள் இருக்கிறார். நீங்கள் கை வைத்தால் அவர் செத்துப்போவார்.’

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம் உண்டு. ஆபீஸ் வேலை போக, நான் ஓர் இணையதளத்துக்குச் சும்மா உழைத்துக்கொண்டிருந்தேன். காசில்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் தளம் அது. முப்பது மொழிகளில் எழுத ஆட்கள் இருந்தார்கள். தமிழுக்கு நாங்கள் ஐந்து பேர் தொடங்கி, சண்டை போட்டு, கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். நாங்கள் எழுதிய தமிழ் இருக்கிறதே, அதைப் படித்துக் கம்ப்யூட்டரை இயக்குவதற்குப் பதில் கம்ப்யூட்டரை விற்றுவிடலாம். ‘பின்வரும் செயற்பாட்டினை மேற்கொள்ளவும்’ என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அந்த அட்டை செவிட்டில் அறைந்தது போல இருந்தது.

“இத யாருங்க எழுதினது?” என்று கதவருகே நின்ற மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“நான்தான் மேடம். தப்பு எதுனா இருக்குதா?”

“தப்பா! எனக்கு இந்த மாதிரி எழுதித் தர்றீங்களா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது என்றார். இங்கிலீஷ் என் பாடு என்றேன். யாருக்கு இந்தப் பக்கங்கள் என்று கேட்டார். இங்கிலீஷ் படிக்க வராமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளில் பழைய சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து அவரே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டினார். ஒக்கலிபுரத்தில் ரயில் லைனை ஒட்டிய வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் அங்கே போவேன். இங்கிலீஷ் வரியைப் படித்து அர்த்தம் சொல்வேன். அவர் உடனே எழுதமாட்டார். சொன்னதை முதலில் மெஷினில் செய்து பார்ப்பார். திரையில் என்ன வருகிறதோ அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம். ரயில் போகும்போதெல்லாம் ஜெயலட்சுமி கொடுத்த காபி டம்ளர் மேஜையில் நகரும், எனக்குப் பொறுமையும் அதோடு நகர்ந்துபோகும்.

“எத்திராஜண்ணா, எழுதினா என்ன குடியா முழுகிடும்? அடுத்த வரிக்குப் போலாம் வாங்க.”

“கையால செஞ்சு பாக்காம எம் பேரப் போட மாட்டேம்மா. படிக்கிறவன் நம்பிக் கைய வெப்பான்.”

பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் வரும். அவர் அதோடு தன் போன் நம்பரையும் சேர்க்கச் சொன்னார். அப்படி வேறு எந்த மொழியிலும் யாரும் செய்ததில்லை. “மோட்டார் ரூம் செவுத்துல மெக்கானிக் நம்பர் எழுதி வெக்கிறதில்லையா?” என்றார். போட்டுவிட்டேன். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போன் வரும். லிஃப்ட் கயிற்றில் தொங்கிக்கொண்டே பதில் சொல்வார் என்று அவருடைய கம்பெனி ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தளத்தில் ஒரு முறை உண்டு. இங்கிலீஷ் பக்கத்தில் யாராவது ஒரு வரியை மாற்றினால், அதற்கு நேரான தமிழ் வரியில் தானாகவே ஒரு சிவப்புக் குறி விழும். மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது, மறுபடி பார் என்று அர்த்தம். குறி இருக்கும்வரை அந்த இடத்தில் தமிழ் வரி காட்டாது, இங்கிலீஷ் வரிதான் காட்டும். நாம் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திய பிறகு குறியை எடுத்துவிடலாம். எத்திராஜுக்கு இதை விளக்கியபோது அவர் முகம் மலர்ந்துபோனது. “இது எங்க போர்டு மாதிரியேதாம்மா. நம்ம பக்கத்துல விழுந்ததை நாமதான் பாத்து எடுக்கணும்” என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா மொழிகளையும் சேர்த்து ஒரு பதிப்பு வெளியாகும். நூற்றுக்கு எண்பது பங்கு முடிந்திருந்தால்தான் ஒரு மொழிக்கு அதில் இடம். 2005 மார்ச்சில் தமிழ் எழுபத்தேழில் நின்றது. புதிய புரோகிராம்கள் வந்து இங்கிலீஷ் பக்கங்கள் மாறியதால் நூற்று இருபத்து மூன்று வரிகளில் சிவப்பு விழுந்திருந்தது. எத்திராஜின் மெஷினில் பவர் சப்ளை எரிந்து கிடந்தது.

“ரெண்டு வாரம் குடுங்கம்மா. பார்ட்டு கெடச்சதும் ஒண்ணொண்ணா செஞ்சு பாத்துடறேன்.”

“இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கண்ணா. அப்புறம் ஆறு மாசம் ஆகும்.”

“ஆவட்டுமே. அதுவரைக்கும் இங்கிலீஷே இருக்கட்டும். புரியாதவங்க போன் பண்ணுவாங்க.”

போனை வைத்தேன். தெலுங்கு வந்துவிட்டது, மலையாளம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் இந்த மனுஷன் ரயில் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியது மட்டும் வெளியே வரக்கூடாதா? மணி நாலே கால். சிவப்பு வரிகளில் முதல் இருபதைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அற்ப மாற்றங்கள். எங்கோ ஒரு காற்புள்ளி, எங்கோ ஓர் எழுத்துப் பிழை. இதற்குத்தானா இவ்வளவு அலட்டல் என்று தோன்றியது. மிச்சம் நூற்று மூன்றையும் பார்க்காமலேயே ஒரே கட்டளையில் எல்லாக் குறிகளையும் எடுத்தேன். தமிழ் எண்பத்தொன்றுக்கு ஏறியது.

மறுநாள் அவரைக் கூப்பிட்டுச் சேர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

“அந்தச் செவப்பெல்லாம்?”

“நான் பாத்துட்டேண்ணா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

வாய் கூசாமல் சொன்னேன். நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லையா, அதனால் நம்பினார். அடுத்த ஞாயிறு போனபோது ஜெயலட்சுமி கேசரி கிண்டி வைத்திருந்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை எத்திராஜுக்கு, பெங்களூருக்கு வெளியே இருக்கும் அத்திபெலேயிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஜகதாம்பாள். சுற்றுவட்டாரக் கல்குவாரிகளில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்காக ஒரு சங்கம் நடத்துகிறவர். மறுநாள் நாங்கள் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். நான் அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை.

ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஐம்பது வயதிருக்கும் ஜகதாம்பாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எங்களுக்கு டீ சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னார். இரண்டு வருஷமாக இருநூற்றுப் பதின்மூன்று பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவர்கள் இருமிக்கொண்டே சொன்னதை நேராகக் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறார். எந்தக் குவாரி, எந்த வருஷத்திலிருந்து, மூக்குக்குத் துணி கொடுத்தார்களா, எப்போது ரத்தம் வந்தது. அடுத்த மாதம் அரசாங்க டாக்டர் குழு வருகிறது. கல் தூசியால்தான் இந்த நோய் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள அந்த வாக்குமூலங்கள்தான் ஆதாரம். காகிதத்தில் எடுத்து வைத்தது நாற்பது பேருடையது மட்டும்.

“உங்க பக்கத்துலதான் சார் படிச்சேன். இன்னிக்கே இன்னொரு டிஸ்க்குல ஒரு பிரதி எடுத்து வெய்யுங்கன்னு போட்டிருந்தீங்க. சரிதானேன்னு, கேட்டு வாங்கியாந்தேன், புது டிஸ்க்கு. ஒண்ணாம் நம்பர அமுக்கினா கம்ப்யூட்டர்ல இருக்கறது வெளி டிஸ்க்குக்குப் போவும்னு இருந்துச்சு. அமுக்கினேன். இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுது. ஒய்ங்கற எழுத்த அமுக்குன்னு நீங்க போட்டிருந்தீங்க. அதையும் அமுக்கினேன்.”

பிரதி எடுக்கும் அந்த புரோகிராமின் புதிய பதிப்பில் எண்களை இடம் மாற்றியிருந்தார்கள். இப்போது ஒன்றை அமுக்கினால் வெளி டிஸ்க்கில் இருப்பது கம்ப்யூட்டருக்குள் வரும். வெளி டிஸ்க் காலி. உள்ளேயும் காலியாகிவிட்டது. இங்கிலீஷ் பக்கத்தில் அந்த வரி ஜனவரியிலேயே திருத்தப்பட்டு, தமிழ் வரியில் சிவப்பு விழுந்துவிட்டது. நான் விட்டுவைத்திருந்தால் அந்த இடத்தில் இங்கிலீஷ் நின்றிருக்கும். ஜகதாம்பாள் புரியாமல் எத்திராஜுக்கு ஒரு போன் போட்டிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

எத்திராஜ் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். மாலைவரை எங்கெங்கோ தேடினார். நானும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து கேட்டேன். காலியான டிஸ்க்கை அந்த அம்மாள் விவரம் தெரியாமல் நாலைந்து முறை திரும்பத் திரும்ப அதே வேலைக்கு விட்டிருந்தார். எதுவும் மிஞ்சவில்லை.

“மறுபடி கேட்டு எழுதிடலாம்மா” என்றார் எத்திராஜ்.

“எழுதலாம் சார். அதுல பத்தொன்பது பேரு சொல்லிட்டுப் போயிட்டாங்க. காயிதத்துல எடுத்த நாப்பதுல அவங்க யாரும் வரல. அவங்ககிட்ட எங்க போயிக் கேக்கறது?”

எத்திராஜ் எழுந்து கைகூப்பினார். “என் பேரு போட்ட பக்கம். நான் செஞ்சு பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்மா” என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். வெட்கம் கெட்டவள். திரும்பி வரும் பஸ்ஸிலும் சொல்லவில்லை. அந்த வாரம் தளத்தில் அந்த வரியைத் திருத்தினேன், நூற்று இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதற்கு எனக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது.

எத்திராஜ் லீவு போட்டுவிட்டு ஐந்து வாரம் அத்திபெலேயிலேயே கிடந்தார். நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு வீடாகப் போய் நூற்று ஐம்பத்து நாலு பேரிடம் கேட்டுக் கையால் எழுதினார். இரண்டாம் முறை சொல்ல அவர்களில் பலருக்கு மூச்சு போதவில்லை. ஒருத்தர் பாதியில் நிறுத்தி, அடுத்த நாள் மிச்சத்தைச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த நாள் எத்திராஜ் போனபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். அதுவரை எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் குழு வந்தது. மற்றவர்களை ஒப்புக்கொண்டார்கள். செத்துப்போன பத்தொன்பது பேருக்கு அவர்கள் வாயால் சொன்ன ஆதாரம் இல்லை, காச நோயாகவும் இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். பாதியில் நின்றவருடையதும் செல்லாது என்றார்கள். மனைவிமார் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ஏற்கவில்லை. இதை எனக்குப் போனில் சொன்னது ஜகதாம்பாள்தான். “எத்திராஜ் சார் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறாரு, நீங்க கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.

நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தைரியம் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அவரே எங்கள் ஆபீஸ் லிஃப்டைப் பார்க்க வந்திருப்பதாக ரிசப்ஷனில் சொன்னார்கள். கீழே இறங்கி ஓடினேன். அவர் கதவில் அட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எத்திராஜண்ணா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சிவப்புக் குறியெல்லாம்…”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“அத்திபெலே போயிட்டு வந்த மறுநாளே பாத்தேன். யாரு எடுத்தாங்க, எத்தினி மணிக்கு எடுத்தாங்கன்னு எல்லாம் அதுலயே இருக்குதே. நூத்தி இருபத்தி மூணும் ஒரே நிமிஷத்துல.”

“தெரிஞ்சும் ஏண்ணா கேக்கல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமில்ல?”

“நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்.”

“நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். உங்க எழுத்து வெளிய வரணும்னுதான்.” அழுதுவிட்டேன். ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள்.

எத்திராஜ் அட்டையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். குரலை உயர்த்தவில்லை. எப்போதும் எனக்கு ஒரு வரியை விளக்குவது போலத்தான் பேசினார்.

“அந்த வாட்ச்மேன் பெரியவரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டாரும்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மறுநாள் காலையில, சம்பங்கி பொணம் வீட்டுல கெடக்கறப்பவே, நேரா வந்து நான்தான் போட்டேன்னு ஜெயலட்சுமி கால்ல வுழுந்தாரு.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு லிஃப்ட் கூண்டின் மேலே ஏறினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தளத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. தன் பெயரையும் போன் நம்பரையும் எடுக்கச் சொல்லவும் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அட்டையை இன்னொரு முறை படித்தேன். பிறகு படிக்கட்டில் ஏறி மேலே போனேன்.